ஓரங்குல மனிதன்: ஆளில்லாப் போர்விமானங்களும் அவற்றின் மாதிரிகளும்

மாதிரி விமானங்களைச் சேகரிப்போரின் உலகில் 72 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. அசல் விமானத்தை 72இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் மாதிரிகள் அந்த உலகின் செலாவணி நாணயம் எனலாம். பெட்டியின் மூலையில் 1/72 என்று அச்சிட்டிருந்தால் சேகரிப்பாளருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. தம் அலமாரியில் ஏற்கெனவே நிற்கும் ஸ்பிட்ஃபயருக்கும் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் பக்கத்தில் புதியதை வைத்தால் உருவ ஒப்புமை பிசகாது என்று அவருக்குத் தெரியும்.

எழுபதோ நூறோ அல்லாமல் ஏன் 72? பத்தின் மடங்குகளில் பழகிவிட்ட நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அடியும் அங்குலமும் புழங்கிய இங்கிலாந்தில் பிறந்த விகிதம் இது. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி உயரமுள்ள மனிதன் இந்த விகிதத்தில் சரியாக ஓர் அங்குலம் ஆகிறான். 1930களின் தொடக்கத்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரத்தாலான மாதிரி விமானத் தொகுப்புகள் அங்கே விற்பனைக்கு வந்தன. அவற்றை வடிவமைத்த ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் இந்த விகிதத்தைத்தான் கைக்கொண்டார். 1936இல் ஃபிராக் நிறுவனம் ‘பெங்குவின்’ என்ற வரிசையில் செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக்கால் ஆன மாதிரிகளை வெளியிட்டபோதும் அதே விகிதம் தொடர்ந்தது. (ஃபிராக்கின் முந்தைய விமானங்கள் ரப்பர் முறுக்கின் விசையில் உண்மையாகவே பறப்பவை, புதியவை பறக்காதவை. பறக்காத பறவையின் பெயரை அவற்றுக்குச் சூட்டியவரின் நகைச்சுவை உணர்வு பாராட்டுக்குரியது.)

ஆக, விமான மாதிரியின் அளவைத் தீர்மானித்தது உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதனின் உயரம். அந்த மனிதனே இல்லாத விமானம் ஒன்று வந்து அதே அலமாரியில் இடம் கேட்டால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு முன் மாதிரிகளின் வரலாற்றில் இன்னோர் ஆண்டைப் பார்த்துவிட வேண்டும்.

1942இன் தொடக்கம். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. நட்பு நாடுகளின் விமானங்களும் பகை நாடுகளின் விமானங்களுமாகச் சேர்ந்து 50 வகைகள், வகைக்கு 10,000. எல்லாம் 1/72 விகிதத்தில், மரத்தில் செதுக்கி, கறுப்பு வண்ணம் பூசியவையாக இருக்க வேண்டும். வானத்தில் ஒரு விமானத்தைக் காணும் வீரன் அது எவருடையது என்று ஓரிரு நொடிகளில் சொல்லியாக வேண்டும். பிழைத்தால் நண்பனைச் சுட்டுவிடுவான். அதற்கான பயிற்சிக்கே இந்தக் கறுப்பு உருவங்கள். 1/72 மாதிரியை 35 அடி தூரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால், அசல் விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பார்ப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் செதுக்கியது விமானத்தை மட்டுமல்ல, விமானத்துக்கும் துப்பாக்கிக்காரனுக்கும் இடையிலுள்ள தொலைவையும்தான். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இது மறுபடியும் தேவைப்படும்.

*

ஆளில்லா விமானத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் ராணுவத் தலைமையகங்களிலிருந்தும் தொடங்குகிறார்கள். அந்த வரலாறு பொய்யன்று. பிரிட்டனில் 1935இல் பறந்த ‘குவீன் பீ’, அதாவது ராணித் தேனீ, அந்த வழியில் வந்ததுதான். டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டைகர் மாத் பயிற்சி விமானத்தின் நெருங்கிய உறவு அது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்காக அதைச் செய்தார்கள். பின்னிருக்கையில் வானொலிக் கருவிகள். முன்னிருக்கையில் தேவைப்பட்டால் விமானி ஏறி ஓட்டிக்கொள்ளலாம். தரையிலிருந்து அதை இயக்கியவர்களின் கையில் பழைய தொலைபேசியில் இருப்பதைப் போன்ற எண்வட்டு இருந்தது. இடப்பக்கம் திரும்ப ஓர் எண், ஏற ஓர் எண், இறங்க ஓர் எண். 1941 ஜூனில் சர்ச்சில் தம் போர்த்துறை அமைச்சரோடு நின்று ஒரு குவீன் பீயின் ஏவலை வேடிக்கை பார்க்கும் புகைப்படம் பலர் கண்டிருக்கக்கூடும்.

ஆளில்லா விமானத்துக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட ‘ட்ரோன்’ என்ற பெயரும் இந்தத் தேனீயின் வழிவந்ததே. 1935இல் குவீன் பீயின் செயல்முறையை நேரில் கண்ட அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்டாண்ட்லி, தம் நாட்டிலும் அப்படியொன்று வேண்டும் என்று விரும்பினார். அந்தப் பொறுப்பை ஏற்ற டெல்மர் ஃபார்னி, ராணித் தேனீக்கு மரியாதை செய்யும் விதமாகத் தம்முடையதற்கு ஆண் தேனீயின் பெயரை வைத்தார். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. சுடப்படுவதற்கென்றே பறந்த அந்தக் கால இலக்கு விமானங்களுக்கு அது பொருத்தமான பெயர்தான். நம் மொழியில் வழங்கும் ‘ஆளில்லா விமானம்’ என்ற தொடர் இன்னும் நேரடியானது. இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்கிறது. அந்த இல்லாமை எவ்வளவு உண்மை என்பது வேறு கேள்வி.

ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு வாசல் உண்டு. அது ஹாலிவுட் பெருந்தெருவில் இருந்த ஒரு பொம்மை விமானக் கடை வழியாகத் திறக்கிறது.

ரெஜினால்ட் டென்னி 1891இல் இங்கிலாந்தில் பிறந்த நடிகர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றினார்; பிறகு ஹாலிவுட்டுக்குச் சென்று ஊமைப்படக் காலத்தில் நகைச்சுவை நாயகனாகப் பெயர் பெற்றார். பேசும்படம் வந்ததும் துணைப் பாத்திரங்களுக்கு இறங்கினார். ஹிட்ச்காக்கின் ‘ரெபேக்கா’ பார்த்தவர்களுக்கு மாளிகையின் நிர்வாகியாக வரும் அந்தக் கண்ணியமான மனிதரை நினைவிருக்கும். அவருக்கு மாதிரி விமானங்களின் மீது தீராத மோகம். 1930களின் நடுவில் தம் பெயரிலேயே கடை திறந்தார். ‘டென்னிபிளேன்’ என்ற மாதிரி விமானமும் ‘டென்னிமைட்’ என்ற குட்டி எஞ்சினும் அங்கே விற்பனைக்கு இருந்தன. வானொலியால் இயக்கும் மாதிரி விமானத்தைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. 1935இலேயே ராணுவத்துக்கு ஒன்றைச் செய்து காட்டினார். 1940இல் ஒப்பந்தம் கிடைத்தது. ரேடியோபிளேன் என்ற அவருடைய நிறுவனம் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் இயங்கியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது.

அவற்றில் ஓக்யூ-2 என்ற வகையைச் சற்றுக் கவனமாகப் பார்க்கலாம். இறக்கையின் நீளம் 12 அடி 3 அங்குலம். எடை 104 பவுண்டு. 6 குதிரைத்திறன் எஞ்சின். மணிக்கு 85 மைல் வேகம். கவண்போன்ற ஏவுபொறியால் வீசி எறிய வேண்டும். சுடப்படாமல் தப்பினால் பாராசூட் விரித்து இறங்கும். இத்தனை சிறிய, இத்தனை மெதுவான ஒன்றைச் சுட்டு என்ன பயிற்சி கிடைத்துவிடும் என்று தோன்றலாம். விடை, கறுப்பு மாதிரிகளில் நாம் பார்த்த அதே கணக்குதான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 36 அடி 10 அங்குலம். ஓக்யூ-2 அதில் மூன்றில் ஒரு பங்கு. 500 கஜத்தில் பறக்கும் ஓக்யூ-2, துப்பாக்கிக்காரனின் கண்ணுக்கு 1,500 கஜத்தில் பறக்கும் போர்விமானத்தின் அளவில் தெரியும். அதன் 85 மைல் வேகம் 255 மைல் வேகமாகத் தோன்றும். அதாவது ஓக்யூ-2 விமானமாகச் செய்யப்பட்டதா, மாதிரியாகச் செய்யப்பட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பெருவாரியாக உற்பத்தியான அமெரிக்காவின் முதல் ஆளில்லா விமானம், ஒரு வகையில், பறக்கும் அளவு மாதிரி.

இந்தத் தொழிற்சாலையைப் பற்றி எழுதும் எவரும் தவிர்க்க முடியாத ஒரு புகைப்படம் உண்டு. போர் முடியும் தறுவாயில், ராணுவத்தின் திரைப்படப் பிரிவைச் சேர்ந்த டேவிட் கோனோவர் என்ற புகைப்படக்காரர், போர்க்கால உற்பத்தியில் பங்கேற்கும் பெண்களைப் படம் எடுக்க ரேடியோபிளேனுக்கு வந்தார். அந்தப் பிரிவில் அப்போது அதிகாரியாக இருந்தவர் ரொனால்ட் ரேகன். பாராசூட்டுகளைச் சோதிப்பதும் பாகங்களுக்குத் திரவம் பூசுவதுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நார்மா ஜீன் டோஹர்ட்டி என்ற இளம்பெண், கையில் ஓர் உந்துவிசிறியோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னாளில் உலகம் அவரை மர்லின் மன்றோ என்று அறிந்தது. நடிகர் ஒருவரின் பொம்மைக் கடை, பின்னாள் நடிகை, பின்னாள் அதிபர் என்று எல்லாரும் ஒரே சட்டகத்தின் ஓரங்களில் நிற்கிறார்கள். இப்படியொன்றைக் கற்பனையாக எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

1952இல் ரேடியோபிளேனை நார்த்ராப் நிறுவனம் வாங்கியது. நார்த்ராப் பிறகு நார்த்ராப் குரூமன் ஆனது. 1999இல் வியட்நாம் கால ஆளில்லா உளவு விமானங்களைச் செய்த ரையன் நிறுவனமும் அதனுள் வந்து சேர்ந்தது. 35 மீட்டர் இறக்கையோடு பறந்த குளோபல் ஹாக் அந்த வழியில் உருவான விமானம்.

*

போருக்குப் பின் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகள் பெருந்தொழிலாகப் பெருகின. அந்தப் பெருக்கில் ஆளில்லா விமானம் நெடுநாள் விருந்தாளியாகவே இருந்தது. ஃபிராக் நிறுவனம் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை விற்றபோது, அதைத் துரத்தும் ஸ்பிட்ஃபயரோடு ஒரே பெட்டியில் வைத்துத்தான் விற்றது. மோனோகிராம் நிறுவனத்தின் கரிய பிளாக்பேர்ட் பெட்டிக்குள் டி-21 என்ற ஆளில்லா உளவு விமானம் உபரியாகக் கிடைத்தது. டி-21இன் கதை துயரமானது. 1966 ஜூலையில் தாய் விமானத்தின் முதுகிலிருந்து பிரியும்போது அதன்மீதே மோதியது; தாய் விமானத்திலிருந்த ஏவுபொறுப்பாளர் உயிரிழந்தார். பிறகு சீனாவின்மீது நான்கு முறை அனுப்பினார்கள். ஒருமுறைகூடப் படச்சுருள் கைக்கு வந்து சேரவில்லை. பெட்டியின்மேல் இதெல்லாம் இருக்காது. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சேகரிப்பாளர்கள் ஆளில்லா விமானத்தை ஏன் தனியாக வாங்க விரும்பவில்லை? என் ஊகம் இது. மாதிரி விமானம் என்பது ஒரு மனிதரின் கதையைத் தாங்கும் பீடம். விமானி அறைக்குக் கீழே ஒட்டப்படும் பெயர், வீழ்த்திய விமானங்களின் கணக்காக வரிசையாக நிற்கும் சிறு குறிகள், மூக்கில் வரைந்த பெண் உருவமோ சுறாப் பற்களோ இவையே ஒட்டுப்பட ஏட்டில் அதிக இடத்தைப் பிடிப்பவை. ஒரே வகை விமானத்தைப் பத்து முறை வாங்கும் சேகரிப்பாளர் உண்மையில் பத்து விமானிகளை வாங்குகிறார். ஆளில்லா விமானத்துக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை.

விதிவிலக்கு உண்டு. வியட்நாம் போரில் ரையன் நிறுவனத்தின் உளவு விமானங்கள் 3,400 முறைக்கு மேல் பறந்தன. அவற்றில் ஒன்று 68 முறை போய்த் திரும்பியது. 1974இல்தான் திரும்பாமல் போனது. அதற்கு ‘டாம் கேட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பூனையை உட்கார வைத்தார்கள் என்று கொள்ளலாம். எதிர்த்தரப்பு அவற்றை வேறுவிதமாகச் சேகரித்தது. சீனா 1964 நவம்பரில் தொடங்கிச் சுட்டு வீழ்த்தியவற்றை மக்கள் பார்வைக்கு வைத்தது. அவற்றின் சிதைவுகளிலிருந்து கற்றுத் தானும் ஒன்றைச் செய்துகொண்டது. 1/1 விகிதத்தில் ஒரு மாதிரி.

மாதிரித் தொழிலுக்கும் ராணுவ ரகசியத்துக்கும் உள்ள உரசலும் பழையது. 1961இல் ரெவெல் நிறுவனம் போலாரிஸ் நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியை 2.98 டாலருக்கு விற்றபோது, கோடிக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த தகவலை எதிரிக்கு மூன்று டாலருக்குள் கொடுக்கிறார்கள் என்று அட்மிரல் ரிக்கோவர் சீறினார். 1986இல் டெஸ்டார் நிறுவனம் வெளியிட்ட எஃப்-19 என்ற ‘கண்ணுக்குப் புலப்படாத’ போர்விமானம் லட்சக்கணக்கில் விற்றது. 1988இல் அசல் வெளிப்பட்டபோது இரண்டுக்கும் சாயல்கூட இல்லை. எஃப்-19 என்ற விமானமே இருந்ததில்லை. இல்லாத ஒன்றின் மாதிரி. தமிழில் ‘மாதிரி’ என்ற சொல் ‘போல’ என்றும் பொருள்படுவது இதுபோன்ற இடங்களில் வசதியாக இருக்கிறது.

*

பொம்மைக்கும் ஆயுதத்துக்கும் இடையிலான போக்குவரத்து டென்னியோடு முடிந்துவிடவில்லை. 1969இல் சூயஸ் கால்வாயின் இரு கரைகளிலும் இஸ்ரேலும் எகிப்தும் எதிரெதிரே நின்றன. மறுகரையை அருகிலிருந்து படம் எடுக்க வழி தேடிய ஷப்தாய் பிரில் என்ற இஸ்ரேலிய உளவுத்துறை அதிகாரி, அமெரிக்காவிலிருந்து வானொலியால் இயங்கும் பொம்மை விமானங்களை வாங்கிவரச் செய்தார். மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அவற்றின் வயிற்றில் கேமராவைக் கட்டிக் கால்வாய்க்கு அப்பால் பறக்கவிட்டார்கள். பதுங்குகுழிகள் படங்களில் தெளிவாக விழுந்தன.

இன்னொருவர் ஆபிரகாம் காரெம். 1937இல் பாக்தாதில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த பொறியாளர். மாதிரி விமானம் செய்து பறக்கவிடுவதில் இளமையிலிருந்தே தீவிரமானவர். எஞ்சினோ கட்டுப்பாடோ இல்லாமல், காற்றின் போக்கை நம்பிக் கையிலிருந்து விட்டுவிடும் வகை மாதிரிகளில் அவருக்கு ஈடுபாடு. ஒரு விமானம் குறைந்த விசையில் நீண்ட நேரம் எப்படி மிதக்கும் என்பதை அந்த விளையாட்டைப் போலக் கற்றுத்தரும் பள்ளி வேறில்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குடியேறி, லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் ‘ஆல்பட்ராஸ்’ என்ற விமானத்தைக் கட்டினார். சிறுவர் ஓட்டப்பந்தய வண்டிகளில் இருப்பதைப் போன்ற எஞ்சின். அது இடைவிடாது 56 மணி நேரம் வானில் நின்றது. அதிலிருந்து ‘ஆம்பர்’, அதிலிருந்து ‘நாட்’. நிறுவனம் நொடித்துக் கைமாறி, ஜெனரல் அடாமிக்ஸிடம் வந்து சேர்ந்தது. 1994 ஜூலையில் பறந்த ‘பிரிடேட்டர்’ அந்தக் கொட்டகையின் பேரப்பிள்ளை.

2001 பிப்ரவரியில் பிரிடேட்டரிலிருந்து ஹெல்ஃபயர் ஏவுகணையைச் செலுத்திச் சோதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இரவு ஆப்கானிஸ்தானில் அது போரில் முதன்முறையாக ஏவப்பட்டது. ஆண் தேனீக்குக் கொடுக்கு முளைத்தது. அந்த 3034 எண்ணுள்ள விமானம் பின்னர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. பிரிடேட்டர் வகை முழுவதும் 2018 மார்ச்சில் அமெரிக்க விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றது.

இந்தப் போர்களுக்குப் பிறகே மாதிரித் தொழில் ஆளில்லா விமானத்துக்குத் தனிப்பெட்டி கொடுத்தது. இத்தாலியின் இத்தாலெரி 1/72 பிரிடேட்டரை வெளியிட்டது. ஜப்பானின் பிளாட்ஸ் அதே விகிதத்தில் குளோபல் ஹாக்கை வெளியிட்டது. ஸ்கங்க்மாடல்ஸ் நிறுவனம் 1/48 விகிதத்தில் பிரிடேட்டரின் தம்பியான ரீப்பரைக் கொண்டுவந்தது. 1/72இல் தொடக்கக்காலப் பிரிடேட்டரின் இறக்கை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். உடல் 11 சென்டிமீட்டர். குளோபல் ஹாக்கோ இறக்கை விரித்தால் அரை மீட்டர்.

கட்டிப் பழகிய சேகரிப்பாளர் இந்தப் பெட்டிகளைத் திறந்ததும் ஒரு வெறுமையை உணர்வார். வழக்கமாக வேலை விமானி அறையில்தான் தொடங்கும். இருக்கை, அளவிக் கருவிகள், இடுப்புப் பட்டை, கடைசியாகக் கண்ணாடிக் கவிகை. அந்தக் கண்ணாடியில் பசை படிந்துவிட்டால் மொத்த உழைப்பும் வீண் என்று பதறுவது இந்தப் பொழுதுபோக்கின் பொதுத் துக்கம். பிரிடேட்டரில் கண்ணாடியே இல்லை. விமானியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மூடிய புடைப்பு. அதற்குள் இருப்பது செயற்கைக்கோளோடு பேசும் வட்ட அலைவாங்கி. ஓரங்குல மனிதனுக்கு இங்கே வேலையில்லை.

ஆனால் அவன் இல்லாமல் போய்விடவில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நெவாடாவின் பாலைவனத்தில், குளிரூட்டிய கொள்கலன் ஒன்றுக்குள், விமானி ஒருவரும் கேமராக்களை இயக்குபவர் ஒருவருமாக இரண்டு பேர் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ‘ஆளில்லா’ என்ற சொல்லை அமெரிக்க விமானப் படை விரும்புவதில்லை; ‘தொலைவிலிருந்து ஓட்டப்படும் விமானம்’ என்று சொல்லச் சொல்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. பிரிடேட்டரின் மாதிரியைப் பொறுத்தவரை, விமானத்தின் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

மாய்ஸ்டோ என்ற நிறுவனம் பிரிடேட்டரை மலிவான உலோக வார்ப்புப் பொம்மையாகவும் விற்றது. விகிதம் 1/97. இந்த வினோத எண்ணுக்கு மனித உடலோடு உறவில்லை. ஆறு அங்குலத்துக்குள் விமானத்தை அடக்கினால் கிடைக்கும் விகிதம் அது. 2012, 2013 வாக்கில் இணைய விற்பனைத் தளத்தில் இந்தப் பொம்மையின் பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் அங்கத மதிப்புரைகளை எழுதிக் குவித்தார்கள். பெருமிதம் கொண்ட பெற்றோரின் குரலை ஏற்று, தம் பிள்ளை பொம்மையைக் கொண்டு யாரையெல்லாம் எங்கிருந்தெல்லாம் இலக்காக்குகிறது என்று விவரிக்கும் தொனியில் அமைந்தவை பல.

அங்கதம் கூர்மையானதுதான். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட பி-29 ரக விமானத்தின் மாதிரிகள் பல தலைமுறைகளாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்கு நேராத கூச்சம் இந்த ஆறங்குலப் பொம்மைக்கு ஏன் நேர்ந்தது? கொன்றவர்களின் எண்ணிக்கை காரணமாக இருக்க முடியாது. போர்விமானப் பொம்மையைக் கையில் எடுத்த சிறுவன் என்ன செய்கிறான் என்று கவனித்தவர்களுக்கு விடை ஓரளவு புலப்படும். கையை உயர்த்துகிறான், வாயால் எஞ்சின் ஒலி எழுப்புகிறான், உடலைச் சாய்த்து ஓடுகிறான். அவன் அப்போது விமானத்துக்குள் இருக்கிறான். சுடவும் சுடப்படவும் கூடிய இடத்தில் இருக்கிறான். விழுந்தால் அவனும் சேர்ந்தே விழுகிறான். பிரிடேட்டரைக் கையில் எடுத்தவனுக்கு உள்ளே போக இடமில்லை. அவன் தானாகவே நின்று, கையிலிருக்கும் ஒன்றைத் தூரத்திலிருந்து நகர்த்துகிறான். கொள்கலனுக்குள் இருக்கும் இரண்டு பேர் செய்வதும் அதுவே. விளையாட்டுக்கும் வேலைக்கும் நடுவே கற்பனை நிரப்ப வேண்டிய இடைவெளி இல்லாமல் போனதைத்தான் அந்த மதிப்புரையாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு முந்தைய ஓராண்டு ஈரானுக்குரியது. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்க்யூ-170 என்ற ரகசிய உளவு விமானம் ஈரானின் கைக்குப் போனது. அதற்கு முன் அந்த விமானத்தை வெளியுலகம் கந்தகாரில் எடுத்த மங்கிய படங்களில் மட்டுமே கண்டிருந்தது. ஈரான் அதை மேடையேற்றி, அடிப்பகுதியைத் துணித்தட்டிகளால் மறைத்துத் தொலைக்காட்சியில் காட்டியது. ஒரு மாதத்துக்குள் 1/80 விகிதத்தில் அதன் பொம்மைகள் தெஹ்ரானில் தயாராகின. விலை 70,000 ரியால். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 டாலர். அதிபர் ஒபாமாவுக்கு இளஞ்சிவப்பில் ஒன்றை அனுப்பப்போவதாகவும் அறிவித்தார்கள். திருப்பித் தாருங்கள் என்று கேட்டவருக்கு 4 டாலர் பொம்மை. டென்னியின் கடையில் பொம்மையாகத் தொடங்கிய பொருள் இங்கே பொம்மையாகவே திரும்பியது. அனுப்பியவர் மட்டும் மாறிவிட்டார்.

*

மாதிரிகளைக் கட்டுவோரில் ஒரு சாரார் விமானத்தோடு நிறுத்துவதில்லை. அதைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்துச் செய்வார்கள். ஓடுதளத்தின் விரிசல், எண்ணெய்க் கறை, ஏணி, எரிபொருள் வண்டி, ஓரங்குல உயரத்தில் பணியாட்கள். பிரிடேட்டரையும் அப்படித் தளத்தில் நிற்கவைத்துச் செய்திருக்கிறார்கள். பறக்கும் நிலையில் காட்ட விரும்பினால் மெல்லிய கம்பியில் கையகல உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறார்கள். மேலிருந்து பார்க்க அழகாகவே இருக்கிறது.

கடற்படையின் பழைய கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 15,000 அடி உயரத்தில் வட்டமிடும் பிரிடேட்டரையும் அதன் கீழே உள்ள நிலத்தையும் 1/72 விகிதத்தில் முழுமையாகச் செய்வதென்றால் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 208 அடி வேண்டும். எந்த வீட்டு அலமாரியிலும் அதற்கு இடமிராது. நமக்குத் தெரிந்த ஓர் உயரத்தைச் சொல்வதானால், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அந்த விமானத்தின் கலசத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு கைவிரல் நீளமுள்ள இறக்கையோடு இந்த விமானத்தைத் தொங்கவிட வேண்டும். கீழே கல்தரையில் ஓரங்குல மனிதர்களை நிறுத்த வேண்டும். விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்த ஓரங்குல மனிதனுக்கு இப்போதுதான் இடம் கிடைக்கிறது. அவன் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மங்கிய சாம்பல் வண்ணம் பூசிய அந்தச் சிறு கோட்டை வானத்திலிருந்து பிரித்தறிவது எளிதல்ல.

பிளாஸ்டிக்கில் எந்த விகிதத்திலும் செய்ய முடியாதது அதன் ஒலி. கீழே வாழ்ந்தவர்கள் அந்த விமானங்களை முதலில் அறிந்தது காதால். காசாவில் அவற்றுக்கு ‘ஸனானா’ என்று பெயர். ரீங்காரம், ஓயாத இரைச்சல் என்ற பொருளில் வழங்குவது. இலங்கை விமானப் படை இஸ்ரேலில் செய்த வேவு விமானங்களை வன்னியின்மீது பறக்கவிட்ட ஆண்டுகளில், அங்கிருந்த தமிழர்கள் அதை ‘வண்டு’ என்றார்கள். வண்டு சுற்றுகிறது என்றால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். வேவு பார்ப்பது போனபின் கிபிர் வரலாம், எறிகணை வரலாம். 1935இல் ஆங்கிலேயர்கள் தேனீயின் பெயரைச் சூட்டியது அவர்களுடைய இலக்கு விமானத்துக்கு. வன்னி மக்கள் அந்தக் கதையைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பதுங்குகுழியின் வாசலில் நின்று, மேகத்துக்குள் எங்கோ கேட்ட இரைச்சலைக் கொண்டு மட்டும் அவர்களும் ஏறத்தாழ அதே பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.